ஒரு பெட்டி பொன்னாடையும் மொன்ட்ரியால் குளிரும்

கரூரில் நான் வேலை பார்த்த ஏற்றுமதிக் கம்பெனியில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போதுதான் இலையுதிர்காலம் வரும். செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், துரு நிறம் என்று குஷன் உறைகளும், ‘துரோ’ என்று நாங்கள் சொல்லும் சோபாப் போர்வைகளும் செக்கிங் மேஜையில் மலையாகக் குவியும். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நூல் பிசிறை வெட்டுவோம், ஓரத் தையலை இழுத்துப் பார்ப்போம், மடித்துப் பெட்டியில் வைப்போம். பெட்டியின் மேல் ‘ஃபால்’ என்று அச்சடித்திருக்கும். அது சரக்கு போகும் நாடுகளில் ஒரு பருவம் என்று தெரியும். அந்தப் பருவத்தில் மனிதர்கள் எதற்காகச் சோபாவுக்குப் போர்வை போர்த்துகிறார்கள் என்பது மட்டும் வேலையை விடும்வரை எனக்கு விளங்கவில்லை. சோபாவுக்கா குளிரும்?

விளங்கவைத்தவள் என் மருமகள் ஆரணி. மகன் செந்தில் மொன்ட்ரியாலில் விமான உதிரிபாகம் செய்யும் ஆலையில் இருக்கிறான். கூட வேலை பார்த்த ஆரணியை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் மொன்ட்ரியாலில்தான். இப்போது அவளுக்கு எட்டாம் மாதம். அம்மா இல்லாத பெண். அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. “நீங்க வந்து இருந்தா தைரியமா இருக்கும்மா” என்று செந்தில் போனில் சொன்னான். அக்டோபரில் வந்து இறங்கினேன்.

முதல் நாள் காலை ஜன்னல் திரையை விலக்கினால் எதிரே நிற்கும் மரம் முழுக்க எங்கள் கம்பெனி ஷேட் கார்டு. அதே சிவப்பு, அதே துரு, அதே கடுகு மஞ்சள். சாயப்பட்டறைக்காரரிடம் ‘இந்த நிறம் எங்கேயாவது உண்டா’ என்று சண்டை போட்டிருக்கிறேன். உண்டு, செந்தில் குடியிருக்கும் சென்ட் லோரன்டில் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்குள்ளும் அதே நிறம்தான். வாடகை ஃப்ளாட் என்றாலும் ஆரணி அதை இழைத்து வைத்திருக்கிறாள். சோபாவில் கம்பளிப் பின்னல் உறை போட்ட குஷன்கள், கைப்பிடியில் அலட்சியமாக விழுந்த மாதிரி ஒரு துரோ, காலடியில் ஆட்டுரோமம் போல் ஒரு விரிப்பு. அந்த அலட்சியத்தைக் கொண்டுவர அவள் மூன்று தடவை எடுத்து எடுத்துப் போட்டதை நான் பார்த்தேன். பட்டையும் கிராம்பும் மணக்க, யாரோ பிரியாணி தாளிக்கிறார்கள் என்று சமையலறைக்குப் போனேன். அங்கே அடுப்பே பற்றவைக்கவில்லை. மணந்தது மேஜைமேல் எரிந்த மெழுகுவர்த்தி.

பழக்க தோஷம், உட்காரும் முன் குஷனைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தேன். மூலையில் தையல் தாவியிருந்தது. “இது செகண்ட்ஸ், கழிச்ச சரக்கு, கண்ணு. எவ்வளவு குடுத்தே?” என்றேன். “மாமி, சும்மா இருங்கோ” என்று சிரித்தாள். மாமியாரை மாமி என்பது அவர்கள் வழக்கம். எங்கள் பக்கம் அத்தை. முதல் இரண்டு நாள் அவள் மாமி என்று கூப்பிடும்போதெல்லாம் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனாள். வீட்டு அலங்காரத்துக்கே ஒரு தளம். கோயில் திருவிழாவுக்கு வந்தமாதிரி பெண்கள் போர்வைகளைத் தொட்டுக் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார்கள். பக்கத்தில் இரண்டு பேர் பிரெஞ்சில் வாக்குவாதம். ஆரணி என் காதோரம் மொழிபெயர்த்தாள். “போன வருஷமும் பழுப்புத்தானே வாங்கினாய்” என்கிறாள் ஒருத்தி. “போன வருஷப் பழுப்பு சோகப் பழுப்பு. இது ஆளை அணைக்கிற பழுப்பு” என்கிறாள் மற்றவள். கரூரில் இந்த நுணுக்கம் தெரிந்திருந்தால் எத்தனை சரக்கு திரும்பி வராமல் இருந்திருக்கும்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. நாங்கள் துணி விரிப்பது அழுக்குப் படாமலிருக்க. இவர்கள் துணி விரிப்பது, இன்னும் ஆறு மாதம் வெளியே போக முடியாது, உள்ளே இருக்கிறவர்கள் சந்தோஷமாக இருக்கவேண்டும் என்பதற்காக. பொங்கலுக்கு நாம் சுண்ணாம்பு அடிப்பது போல இவர்களுக்கு இது வருஷா வருஷம் செய்யவேண்டிய காரியம். வாசல்படிகளில் வீட்டுக்கு வீடு பூசணிக்காய் வேறு. அதை யாரும் சாப்பிடுவதில்லை என்று ஆரணி சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எப்பேர்ப்பட்ட பூசணி.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி வீட்டுக்குப் போனோம். ஆரணியின் அப்பா தில்லையம்பலம், மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு மூன்றுமாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். வெளியிலிருந்தே மேலே ஏறும் வளைந்த இரும்புப் படி. பிள்ளைத்தாய்ச்சி மருமகள் ஏற, நான் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறினேன். அவள் விழுந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம்.

சம்பந்தி நல்ல உயரம், வெள்ளை மீசை, மேடையில் பேசிப் பழகிய குரல். “வாங்கோ தங்கச்சி, வாங்கோ” என்று கைகூப்பினார். இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் அவரே செய்திருந்தார். சொதி என்பது தேங்காய்ப்பாலில் மஞ்சள் போட்ட இளங்குழம்பு. நான் மூன்று தடவை ஊற்றிக்கொண்டேன். வீடுதான் பார்க்கச் சகிக்கவில்லை. தகரத் திரைமாதிரி ஒரு ஜன்னல் மறைப்பு, வெறும் தரை, ஒரு பழைய சோபா, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஹீட்டரை அவர் தொடுவதே இல்லை போல. கோட்டைப் போட்டுக்கொண்டே சாப்பிட்டோம்.

சாப்பிட்டு முடித்ததும் அவர் மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். தலைப்பிரசவம், தாய் வீட்டில் இருக்கிறதுதான் முறை. அவர் மனைவி இல்லை, ஆனால் வீடு இருக்கிறது. ஆரணி இப்பவே வந்து இருந்து, இங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய், பிள்ளையோடு இங்கேயே திரும்பி வரட்டும். நானும் கூட வந்து தங்கினால் அவர் வெளியறையில் படுத்துக்கொள்வார். இதைச் சொல்லும்போது மேடைக் குரல் காணாமல் போயிருந்தது. ஆரணி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, “பாப்பம், அப்பா” என்றாள்.

பாப்பம் என்றால் பார்க்கலாம். எங்கள் ஊரிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான், நடக்காது. காரில் வரும்போது ஏன் என்று கேட்டேன். “அந்த வீடு குளிர், மாமி” என்றாள். அம்மா போனபிறகு அவள் அங்கே ஒரு இரவுகூடத் தங்கியதில்லை என்று செந்தில் பிறகு தனியாகச் சொன்னான்.

என் மண்டைக்குள் உடனே கம்பெனி மணி அடித்துவிட்டது. குளிர்தானே? குளிருக்கு மருந்து துணி. துணி என் தொழில். மறுநாளே சம்பந்திக்குப் போன் போட்டேன். “ஏனுங்கண்ணா, அந்த ஊட்டை நாம ரெண்டு பேரும் சேர்ந்து மாத்திப்போடலாமுங்களா?” நான் பேசிய கொங்குத் தமிழ் புரியவில்லையோ என்று திரும்பச் சொல்லப்போனேன். “ஓம். ஓம். எப்ப வாறியள்?” என்றார்.

செந்தில் வழி சொல்லித்தான் அனுப்பினான். மெட்ரோ ஆரஞ்சுப் பாதை பெருமாள் நெற்றி நாமம் மாதிரி இருக்கும். ஒரு முனையில் நாங்கள், மறுமுனைக்குப் பக்கத்தில் சம்பந்தி. நேராகக் குறுக்கே போனால் பக்கம், ஆனால் ரயில் நாமத்தின் அடிவரை இறங்கி, திரும்ப ஏறித்தான் போகும். அதெல்லாம் சரியாகச் செய்துவிட்டேன். பஸ்ஸில்தான் கோட்டை விட்டேன். நம் ஊரில் எந்தப் பக்கம் நிற்போமோ அந்தப் பக்கம் நின்றேன். நம்பர் சரி, பஸ் சரி, போன திசை எதிர்த்திசை. இங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன என்ற விஷயம் கால்களுக்குத் தெரியவில்லை.

நதியும் பாலமும் தெரிகிற இடத்தில் சந்தேகம் வந்து, பக்கத்தில் இருந்த தலைப்பாகைக்காரரிடம் விலாசத்தைக் காட்டினேன். அவர் பஞ்சாபியில் ஏதோ சொன்னார், நான் தமிழில் ஏதோ சொன்னேன், இருவரும் தலையாட்டிக்கொண்டோம். பிறகு என்னோடு இறங்கி, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இந்த மாதம் முழுக்க ஆப்பிள்தான். யாரைப் பார்த்தாலும் ஆப்பிள் தருகிறார்கள்.

போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி படியிலேயே நின்றுகொண்டிருந்தார். மீசை குளிரில் விறைத்திருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது அவர் மனைவியின் சேலைகள். பழைய பருத்திச் சேலை நான்கு கிடைத்தால் போதும், திரைச்சீலை, மெத்தை விரிப்பு, குஷன் எல்லாம் ஆகிவிடும், மகளுக்கும் மனசு குளிரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கேட்டேன். முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாராம். ஒரு கைக்குட்டை கூட வைக்கவில்லை. “வச்சுப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது” என்றார்.

பிறகு, “தங்கச்சி, வேற துணி கிடக்கு” என்று உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இழுத்துவந்தார். திறந்தார். நான் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். உள்ளே முழுக்கப் பொன்னாடை.

பழைய மாணவர் சங்கத் தலைவராக இருந்திருக்கிறார். கோயில் திருவிழாக் கூட்டம், தமிழ்ப் பள்ளிப் பரிசளிப்பு, விளையாட்டுப் போட்டி, பட்டிமன்றம் என்று எங்கே மேடை போட்டாலும் பிரதம விருந்தினர் தில்லையம்பலம்தான். போகிற இடமெல்லாம் பொன்னாடை. அதைப் போர்த்திக்கொண்டு யாரும் தூங்குவதில்லை, துடைக்கவும் எடுப்பதில்லை, கொடுத்தவர் கண்ணில் பட்டுவிடும் என்று இன்னொருவருக்குக் கொடுக்கவும் முடிவதில்லை. தமிழன் இருக்கும் ஊரெல்லாம் கட்டிலுக்கு அடியில் இப்படி ஒரு பெட்டி இருக்கத்தான் செய்யும். பாதி இன்னும் கண்ணாடிக் காகிதம் பிரிக்காமலே இருந்தது.

ஆனால் நிறத்தைப் பாருங்கள். தங்கம், அரக்கு, செம்மஞ்சள், பாசிப்பச்சை, வெங்காயச் சருகு. ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம், ஜன்னலுக்கு உள்ளே பொன்னாடை. ஒன்றுக்கொன்று அப்படிப் பொருந்தியது. “அண்ணா, இதுதானுங்க ஃபால் கலெக்‌ஷன்” என்றேன். அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிக்கிறவர் மாதிரிச் சிரித்தார்.

ஒரே சிக்கல், பொன்னாடை ஜரிகை உடம்பில் பட்டால் அரிக்கும். பிள்ளைத்தாய்ச்சி சாய்கிற குஷனுக்கு முன்பக்கம் பொன்னாடை, பின்பக்கம் மெத்தென்ற ஃபிளானல் துணி என்று முடிவு செய்தேன். சென்ட் ஹூபேர் தெருவில் துணிக்கடை இருக்கிறது என்று சம்பந்தி கூட்டிப்போனார். தையல் மெஷினுக்குக் கீழ்வீட்டு மதாம் மிர்லாந்த். ஹெயித்தியிலிருந்து வந்தவர், என் வயதுதான் இருக்கும், மாடிப்படி அளவுக்கு அகலம். மெஷினைத் தரமுடியாது, வேண்டுமானால் நான் அவர் வீட்டில் உட்கார்ந்து தைக்கலாம் என்றார்.

அடுத்த நான்கு நாள் என் பிழைப்பு அந்த வீட்டில்தான். மதாம் பிரெஞ்சில் சொல்வார், சம்பந்தி அதை யாழ்ப்பாணத் தமிழில் எனக்குச் சொல்வார், நான் அதை மனதுக்குள் கரூர்த் தமிழாக்கிக்கொள்வேன். ஒரு சாதாரண “ஊசி உடைந்துவிட்டது” மூன்று நாடு சுற்றி வந்தது. மத்தியானம் அவர் வாழைக்காயைத் தட்டி இரண்டு தடவை எண்ணெயில் போட்டெடுத்து, முட்டைக்கோஸை மிளகாயும் வினிகருமாக ஊறவைத்த ஒரு ஊறுகாயோடு கொடுத்தார். வாழைக்காய் பஜ்ஜிக்கு மாவு எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் வந்தது.

பொன்னாடையைத் தொட்டுப் பார்த்து மதாம் கேட்டார், இவர் என்ன, ராஜாவா? சம்பந்தி மொழிபெயர்க்க வெட்கப்பட்டார். பிறகு அவரே பதில் சொல்லி, அதையும் எனக்குச் சொன்னார். “முந்தி. மேடையில மட்டும்.”

வெள்ளிக்கிழமை வீடு ஜொலித்தது. பழைய சோபாவில் வரிசையாகக் குஷன்கள், எல்லாம் ஏற்றுமதித் தரம், ஓரத்தில் இரட்டைத் தையல். ஜன்னலுக்கு அரக்கும் தங்கமும் இணைத்த திரை. ஆரணி படுக்கும் அறையில் ஃபிளானல் அடிப்போட்ட பெரிய துரோ. பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக்கூட மேலாடை. சம்பந்தி ஹீட்டரையும் தாராளமாகத் திருகிவிட்டிருந்தார். கொஞ்சம் பாராட்டுவிழா மேடை மாதிரி இருந்தது என்பது உண்மைதான். ஆனால் நான் செய்த வேலையில் எனக்கு இவ்வளவு பெருமை எந்த ஷிப்மென்ட்டிலும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரணியைக் கூட்டி வந்தோம். கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். சம்பந்தி கைகளைப் பிசைந்துகொண்டு பின்னால் நின்றார். அவள் மெதுவாகப் போய் ஒரு அரக்கு நிறக் குஷனைத் தடவினாள்.

“வடிவாத்தான் இருக்கு, மாமி” என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். “இதெல்லாம் உங்கட பொன்னாடையோ?”

“ஓம், பிள்ளை. இவ்வளவு காலமும் பெட்டியில சும்மா கிடந்தது.”

“சும்மா கிடக்கேல்லை அப்பா. இது ஒவ்வொண்டும் ஒரு சனிக்கிழமை.”

குரலை உயர்த்தவே இல்லை. கடையில் விலை கேட்கிற மாதிரிதான் சொன்னாள். “மற்றப் பிள்ளையளின்ர வீட்டில சனிக்கிழமை அப்பா நிப்பார். எங்கட வீட்டுக்குப் பொன்னாடைதான் வரும்.”

செந்தில் ஏதோ சொல்லி மாற்றப் பார்த்தான். சம்பந்தி கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மகளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். “எது எந்தச் சனிக்கிழமை எண்டு சொல்லு பிள்ளை” என்றார்.

அவள் சொன்னாள். இந்த அரக்கு, அவள் பள்ளிக்கூடத்தில் வயலின் வாசித்த இரவு. அம்மா மட்டும் பனியில் பஸ் பிடித்து வந்தார், பாதி நிகழ்ச்சி முடிந்திருந்தது. இந்தச் செம்மஞ்சள், அவளுக்குக் காய்ச்சல் ஏறியபோது அம்மா பிரெஞ்சு தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தது. அவளே எழுந்து பேசவேண்டியிருந்தது, சின்னப் பிள்ளை. இந்தப் பச்சை, அம்மாவுக்கு முதன்முதலாக வயிற்றுவலி வந்த மாலை. வாயுத்தொல்லை என்று வெந்நீர் குடித்துவிட்டு, அப்பா வந்ததும் சாப்பாடு போட எழுந்தார்.

ஒவ்வொரு குஷனாக அவள் தொட்டுச் சொல்லச் சொல்ல, நான் போட்ட இரட்டைத் தையலை எங்கேயாவது ஒளித்துவைக்க இடம் கிடைக்குமா என்றிருந்தது எனக்கு. எல்லாம் முடிந்தபிறகு சம்பந்தி அந்தப் பச்சைக் குஷனை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். “இது எந்தக் கூட்டம் எண்டு எனக்கு ஞாபகம் வரேல்லை. ஒண்டும் ஞாபகம் வரேல்லை, பிள்ளை. உனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு.”

காரில் ஆரணி அழுதாள். நான் பட்ட பாட்டைக் கெடுத்துவிட்டதாக என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். சரக்கில் குறை இருந்தால் வாங்குகிறவர் மேல் பழி போடுவது எங்கள் தொழிலில் இல்லை என்று சொன்னேன். குளிர் என்று அவள் சொன்னதும் நான் துணியைத் தேடிக்கொண்டு போனேனே, அந்தப் பெண்ணிடம் என்ன குளிர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்கே என்மேல் கோபம் கோபமாக வந்தது.

புதன்கிழமை குஷன்களைப் பிரித்துக் கொண்டுவந்துவிடலாம் என்று போனேன். இந்தத் தடவை சரியான பக்கம் நின்று பஸ் ஏறினேன். சம்பந்தி கதவைத் திறந்தார். ஒன்றையும் எடுக்கவில்லை, வைத்தது வைத்தபடி இருந்தது. நான் பையை விரித்ததும் தடுத்தார். “எடுக்க வேண்டாம் தங்கச்சி. அவ சொன்னதை நான் ஒவ்வொண்டாப் பாக்க வேணும்” என்றார். மதாம் மிர்லாந்துக்கு மட்டும் ஒன்று கொடுத்திருந்தார். ராஜா குஷன் என்று அவர் அதைத் தன் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

நான் இருக்கும்போதே ஒரு போன் வந்தது. பழைய மாணவர் சங்கத்துச் செயலாளர். வருகிற சனிக்கிழமை ஆண்டு விழா. இத்தனை வருஷச் சேவைக்காக சம்பந்தியைத்தான் கௌரவிக்கப் போகிறார்கள், மண்டபம் பிடித்தாயிற்று, கூட்டிப்போகக் கார் அனுப்புவார்கள். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. சம்பந்தி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பாப்பம், தம்பி” என்றார். மேடைக்கு மட்டும் பாப்பம் என்றால் வருகிறேன் என்றுதான் அர்த்தம் என்று எனக்குப் பட்டது. அவர் போவார், மனுஷனுக்கு மிஞ்சியிருக்கிற மேடை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். ஆரணியிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது. மொன்ட்ரியாலில் தமிழருக்குள் எந்தச் செய்தியும் வீட்டில் படுத்துத் தூங்குவதில்லை.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் ஆரணி குழந்தைக்கான பையை எடுத்து வைத்தாள், பிரித்தாள், திரும்ப வைத்தாள். நான் தோசை வார்த்துப் போட்டேன். பிரசவத்துக்கு இங்கிருந்தே போகட்டும், வெளியறையில் தொட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று செந்தில் அளவெடுத்தான். யாரும் அந்த வீட்டின் பேச்சை எடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து மழையும் பனியும் கலந்து ஊற்றியது. மரத்தில் மிஞ்சியிருந்த இலையெல்லாம் தரைக்கு வந்துவிட்டது. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சம்பந்தி. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. நாமத்தின் அந்த முனையிலிருந்து இந்த முனைவரை வந்து, கடைசியாக ஏறவேண்டிய பஸ்ஸைத் தவறவிட்டு, மீதியை நடந்தே வந்திருக்கிறார். கையில் துணியில் கட்டிய ஒரு பாத்திரம்.

ஆரணி சோபாவிலிருந்து எழுந்திருக்காமல் பார்த்தாள். “என்னப்பா, இந்த மழைக்குள்ள?”

“இண்டைக்குச் சனிக்கிழமை” என்றார். “அதுதான் வந்தனான்.”

பாத்திரத்தில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். புட்டு இன்னும் சூடாக இருந்தது, கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நால்வரும் சாப்பிட்டோம். அவருடைய போன் பாக்கெட்டில் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் தடவை அடித்தபோது எடுத்து, எப்படி நிறுத்துவது என்று தெரியாமல், செந்திலிடம் கொடுத்தார். ஆரணி தட்டைப் பார்த்துக்கொண்டே விழா என்னாச்சு என்று கேட்டாள். அது தன்பாட்டில் நடக்கும் என்றார். பிறகு இந்தப் புட்டுக்கு மா கொஞ்சம் கூட வறுபட்டுவிட்டது என்று வருத்தப்பட்டார். அவள் இல்லை, சரியாயிருக்கு என்றாள். அவ்வளவுதான் பேசினார்கள். டிவியில் பனித்தரை ஹாக்கி ஓடியது. அப்பாவும் மகளும் அதைப் பார்த்தார்கள். யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று இருவருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் பந்தே கண்ணில் படவில்லை.

ஆட்டம் முடிவதற்குள் ஆரணி எழுந்து அறைக்குள் போனாள். வெகுநேரம் வரவில்லை. அழுகிறாள் என்று நினைத்து நான் எழப்போனேன். கதவு திறந்தது. கோட்டுப் போட்டிருந்தாள், கையில் குழந்தைக்காகக் கட்டிவைத்திருந்த பை. செந்தில் துள்ளி எழுந்து கார்ச் சாவியைத் தேடி, மேஜைமேல் இருந்த தண்ணீரைத் தட்டிவிட்டு, வலி வந்துவிட்டதா, ஆஸ்பத்திரிக்கா என்று உளறினான்.

“ஆஸ்பத்திரிக்கு இல்லை” என்றாள் ஆரணி. “அம்மா வீட்டை போறம்.”

சம்பந்தி எழுந்து, அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.